நந்தினியை ஏன் வெறுக்க முடியவில்லை? கொடும்பாளூர் கல்வெட்டும் நமக்குப் பிடித்த வில்லன்களும்

'பொன்னியின் செல்வன்' படித்தவர்கள் நாலு பேர் ஒரு இடத்தில் சேர்ந்தால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கொஞ்ச நேரத்தில் நந்தினியிடம் வந்து நின்றுவிடும். வந்தியத்தேவனை எல்லாருக்கும் பிடிக்கும், அதனால் அவனைப் பற்றிச் சண்டை வராது. அருள்மொழிவர்மனைக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நந்தினி வந்தால்தான் குரல் உயரும். "அவ செஞ்சது தப்புதான், ஆனா..." என்று ஒருவர் இழுப்பார். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அரை மணி நேரம் ஓடும்.

யோசித்துப் பார்த்தால் விசித்திரம்தான். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொல்லத் திட்டமிடும் கூட்டத்தின் நடுவில் இருப்பவள் அவள். அதற்காகவே வயதான பெரிய பழுவேட்டரையரைக் கல்யாணம் செய்துகொண்டு, அவருடைய அதிகாரத்தையும் கஜானாவையும் பயன்படுத்துகிறாள். நாம் பாசம் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் எதிராக வலை பின்னுகிறாள். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்த கதை இது. 2022-லும் 2023-லும் மணிரத்னத்தின் இரண்டு படங்கள் வந்த பிறகு, நாவலைத் தொடாதவர்களும் நந்தினி கட்சி, குந்தவை கட்சி என்று பிரிந்து பேசினார்கள்.

ஒரு வில்லன் நம்மை இப்படிப் பிடித்து வைப்பது எதனால்? அழகு, வசனம், பின்னணி இசை என்று பல பதில்கள் உண்டு. நந்தினி விஷயத்தில் பதிலின் ஒரு பாதி புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கோயில் சுவரில் இருக்கிறது.

ஜெயித்தவர்கள் எழுதி வைத்தது

விராலிமலையைத் தாண்டி மதுரை செல்லும் வழியில் இருக்கிறது கொடும்பாளூர். புதுக்கோட்டை நகரிலிருந்து 40 கிலோமீட்டருக்குள்தான். இன்று அமைதியான சின்ன ஊர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இருக்குவேளிர்களின் தலைநகரம். சோழர்களுக்குப் பெண் கொடுத்து, பெண் எடுத்து, படையும் கொடுத்த குலம் அது. கல்கி நாவலில் வரும் 'பெரிய வேளார்' பூதி விக்கிரமகேசரியும் வானதியும் இந்த ஊர்க்காரர்கள்தான்.

விக்கிரமகேசரி கற்பனைப் பாத்திரம் இல்லை. கொடும்பாளூரில் நிற்கும் மூவர் கோயிலைக் கட்டியவரே அவர்தான். தன் பெயரில் ஒன்று, மனைவியர் கற்றளி, வரகுணை பெயரில் ஒவ்வொன்று என்று மூன்று விமானங்களை எழுப்பினார். இப்போது இரண்டு நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம்தான் மிச்சம். அங்கே உள்ள சமஸ்கிருதக் கல்வெட்டு அவர் குலத்தின் பெருமையை வரிசையாகச் சொல்கிறது. பல்லவப் படையின் ரத்தத்தால் காவிரி நீரைச் சிவக்க வைத்தார், வீரபாண்டியனைப் போரில் வென்றார், வஞ்சிவேளை அழித்தார் என்று போகிறது அந்தப் பட்டியல்.

இதில் வீரபாண்டியன் என்ற பெயரைக் கவனியுங்கள். விக்கிரமகேசரியின் காலம் பற்றி ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நீலகண்ட சாஸ்திரி அவரைச் சுந்தர சோழர் காலத்தவராக வைக்கிறார், இன்னும் முன்னால் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள். சாஸ்திரி கணக்குப்படி பார்த்தால், கல்வெட்டு சொல்லும் வீரபாண்டியனும் ஆதித்த கரிகாலன் தலையைக் கொய்த வீரபாண்டியனும் ஒருவரே. நாவலில் யாருடைய சாவுக்காக நந்தினி பழிவாங்கப் புறப்படுகிறாளோ அதே வீரபாண்டியன்.

அந்தச் சாவைப் பற்றிச் சோழர் தரப்பு கொஞ்சமும் கூச்சப்படவில்லை. 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்பது ஆதித்த கரிகாலனின் விருதுப் பெயர். வெட்டிய தலையைத் தன் நகரில் வெற்றித் தூண் போல நட்டு வைத்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு பெருமையாகச் சொல்கிறது. யானையோடு சிங்கக்குட்டி விளையாடுவது போல அந்தச் சிறு வயதில் வீரபாண்டியனோடு போர் விளையாடினான் என்கிறது லெய்டன் செப்பேடு. இங்கே ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். வீரபாண்டியனும் சும்மா இருந்தவன் இல்லை. அவனுடைய கல்வெட்டுகளில் அவனுக்குச் 'சோழன் தலைகொண்ட' என்ற பட்டம் இருக்கிறது. இரண்டு பக்கமும் தலைக்குத் தலை என்று கணக்கு வைத்திருந்த காலம் அது.

பிறகு ஆதித்த கரிகாலன் கொல்லப்படுகிறான். யார் செய்தார்கள்? காட்டுமன்னார்கோவிலில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டு பெயர்களைச் சொல்லிவிடுகிறது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று வரும். ராஜராஜன் ஆட்சியின் 2-ஆம் ஆண்டில் அவர்களுடைய, அவர்களின் உறவினர்களுடைய நிலங்கள் கையகப்படுத்தப்பட்டதைப் பதிவு செய்யும் கல்வெட்டு அது. அவர்களுக்கு அதில் இருக்கும் ஒரே அடையாளம் 'துரோகிகள்'. ஏன் கொன்றார்கள் என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை. அரசாங்க ஆவணம் அப்படித்தானே இருக்கும்!

இந்த 'ஏன்'-இல்தான் கல்கி நுழைகிறார். ரவிதாசன் பெயர் கல்வெட்டில் இருந்து வந்தது. நந்தினி எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஜெயித்தவர்கள் கோயில் சுவரிலும் செப்பேட்டிலும் எழுதியாகிவிட்டது, தோற்ற பக்கம் அழுதவர்களை யாரும் எழுதவில்லை. அந்தக் காலி இடத்துக்காகக் கல்கி செய்த பாத்திரம் அவள்.

தப்பு செய்தவன் வாயாலேயே

கல்கி இதைச் செய்த விதம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது. முதலில் நந்தினியை நேராகக் காட்டமாட்டார். திரை போட்ட பழுவூர்ப் பல்லக்கு வரும், பனைமரக் கொடி வரும், ஊரார் வாயில் அவளைப் பற்றிய பேச்சு வரும். அவளைச் சந்திப்பதற்கு முன்பே அவளைப் பற்றி ஒரு அபிப்பிராயம் நமக்கு வந்துவிடுகிறது: மாயக்காரி, கிழவரை மயக்கி வைத்திருப்பவள்.

பிறகு அந்த அபிப்பிராயத்தை உடைக்கும் வேலையைக் கல்கி யாரிடம் கொடுக்கிறார் தெரியுமா? நந்தினியிடம் இல்லை. ஆதித்த கரிகாலனிடம். மாமல்லபுரத்தில் நண்பன் பார்த்திபேந்திரனிடம் அவனே சொல்கிறான். சின்ன வயதில் அவளை விரும்பியது, அரண்மனைக்கு அது பிடிக்காமல் அவள் கண்ணில் படாமல் போனது, பல ஆண்டுகள் கழித்து வீரபாண்டியனைத் தேடிப்போன குடிசையில் அவளைப் பார்த்தது, காயம்பட்டுக் கிடந்தவனைக் கொல்ல வேண்டாம் என்று அவள் கெஞ்சியது, கெஞ்சியும் கேட்காமல் வெட்டியது.

இதையே நந்தினி சொல்லியிருந்தால் நாம் சந்தேகப்பட்டிருப்போம். பொய் சொல்வதில் அவள் கெட்டிக்காரி ஆயிற்றே! குற்றம் செய்தவனே தூக்கம் வராமல் வந்து ஒப்புக்கொள்ளும்போது மறுக்க நமக்கு ஒன்றும் மிச்சமில்லை. அதற்குப் பிறகு நாவல் முழுக்க அவள் எத்தனை சதி செய்தாலும், அந்தக் குடிசை வாசல் நம் மனசை விட்டுப் போவதில்லை. சோழர் பக்கம் நிற்கும் யாரிடமும் அந்தக் கெஞ்சலுக்குப் பதில் இல்லை. குந்தவையிடம்கூட இல்லை.

என் வாசிப்பில், மறக்க முடியாத வில்லன்களின் ரகசியம் இதுதான். கதாநாயகன் பக்கத்தால் தீர்க்க முடியாத ஒரு கணக்கு அவர்கள் கையில் இருக்கும். அவர்கள் அதை வசூலிக்கும் முறை தப்பாக இருக்கலாம், கொடூரமாகவும் இருக்கலாம். கணக்கு மட்டும் பொய்யில்லை.

இதே நாவலில் கொடும்பாளூர் இளவரசி வானதியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பயந்த சுபாவம், அடிக்கடி மயங்கி விழுவாள், எல்லாருக்கும் செல்லம். அவளும் போரில் இழந்தவள்தான். அவளுடைய தந்தை சிறிய வேளார் ஈழத்துப் போர்க்களத்தில் இறந்தவர், அந்தச் சாவுக்கும் கல்வெட்டுச் சான்று உண்டு. வானதியின் இழப்பைச் சோழ அரண்மனை தன் இழப்பாக எடுத்துக்கொள்கிறது. குந்தவை அவளைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறாள், பொன்னியின் செல்வனுக்கே மணமுடிக்க நினைக்கிறாள். நந்தினியின் ஆள் செத்தது தோற்ற பக்கத்தில். அவளுக்குத் தோள் கொடுக்க வந்தது ரவிதாசன் கூட்டம் மட்டும்தான். ஒருத்தி எல்லாருடைய தங்கை ஆனாள், இன்னொருத்தி 'விஷப்பாம்பு' ஆனாள். இதைக் கல்கி எங்கேயும் விரலை நீட்டிச் சொல்வதில்லை. இரண்டு பெண்களையும் ஒரே கதைக்குள் விட்டதோடு சரி.

அதே ஊர் வழியாகப் போன இன்னொரு கதை

கொடும்பாளூருக்கு இன்னொரு பழைய பெருமையும் உண்டு. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போகும் பாதையை மாங்காட்டு மறையவன் விளக்கும் இடத்தில் 'கொடும்பை' வருகிறது. அங்கே போனால் சாலை மூன்றாகப் பிரியும் என்று வழி சொல்கிறான். இன்றைய கூகுள் மேப் வேலைதான்.

அந்தக் கதையின் வில்லன் யார்? அரசியின் சிலம்பைத் திருடி, பழியைக் கோவலன் மேல் போட்ட பொற்கொல்லன். அவனுக்குப் பெயர் கிடையாது. பிடித்த வில்லன் என்று யாரும் அவனைச் சொல்லிக் கேட்டதில்லை. அவன் செய்தது சின்னக் காரியம் இல்லை, ஒரு நகரமே எரிந்ததற்கு அதுதான் ஆரம்பம். ஆனாலும் அவன் கதையில் ஒரு கருவி மட்டும்தான். திருடினான், மாட்டாமல் இருக்கப் பொய் சொன்னான், அவ்வளவே. அவனுக்கென்று ஒரு குடிசை வாசல் இல்லை. (1942-ல் வந்த 'கண்ணகி' படத்தில் கோவலனாக நடித்த பி.யு.சின்னப்பா புதுக்கோட்டைக்காரர். அவரிடம் பிறகு வருவோம்.)

நிஜமாகத் தீர்ப்பு வழங்கிக் கொன்றவன் பாண்டிய மன்னன். ஆனால் கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும், தானே கள்வன் என்று சொல்லி அவன் விழுந்து இறந்துபோகிறான். கணக்கை அங்கேயே தன் உயிரைக் கொடுத்து முடித்துவிட்டான். அதனால் அவன் மேல் நமக்குக் கோபம் நிற்பதில்லை.

முகமில்லாத வில்லனால் ஒரு ஆபத்தும் உண்டு. மதுரை எரிந்த பிறகு, கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகியைச் சாந்தப்படுத்த ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலிகொடுத்தான் என்று சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை சொல்கிறது. ஒருவன் செய்த திருட்டுக்கு ஒரு தொழில் செய்தவர்கள் அத்தனை பேரும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. வில்லனுக்குப் பெயரும் காரணமும் கொடுக்காமல் விட்டால், பழி அவன் கூட்டத்தின் மேல் போய் உட்கார எவ்வளவு நேரம் ஆகும்?

விடிய விடிய தர்க்கம்

புதுக்கோட்டை வட்டாரத்தில் கோயில் திருவிழா என்றால் இன்றும் நாடக மேடை போடும் ஊர்கள் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த இசை நாடகம், 'ஸ்பெஷல் நாடகம்' என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, அரிச்சந்திரா. அங்கே ஜனங்கள் தூக்கத்தை விட்டுக் காத்திருப்பது எதற்கு? தர்க்கத்துக்கு. வள்ளிக்கும் நாரதருக்கும் வாக்குவாதம், சாவித்திரிக்கும் எமனுக்கும் வாக்குவாதம். எதிராளி சரிசமமாகப் பேசாவிட்டால் அந்த நாடகம் தேறாது. "எமன் சரியில்லப்பா" என்று எழுந்து போய்விடுவார்கள். இரண்டு பக்கப் பேச்சையும் கேட்கும் காது நம் ஊர் ரசிகர்களுக்குச் சினிமா வருவதற்கு முன்பே பழகிவிட்டது.

சங்கரதாஸ் சுவாமிகளே இளமையில் எமன், சனீஸ்வரன் போன்ற வேடங்களில் நடித்தவர். அவர் எமனாக வந்து நின்றதைப் பார்த்து ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துவிட்டது, அதன் பிறகு சுவாமிகள் வேஷம் கட்டுவதையே விட்டுவிட்டார் என்று நாடக உலகில் ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பயமுறுத்தும் வில்லனுக்கு அதுதான் உச்சம். ஆனால் பயம் காலையில் போய்விடும். தர்க்கம்தான் டீக்கடை வரை வரும்.

இந்த நாடக மரபில் இருந்துதான் பி.யு.சின்னப்பா வந்தார். 1916-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர், மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். 1940-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'உத்தமபுத்திரன்' படத்தில் நல்லவன், கெட்டவன் இரண்டு பேராகவும் அவரே நடித்தார். தமிழ் சினிமாவின் முதல் இரட்டை வேடம் என்று சொல்லப்படும் படம் அது. 1958-ல் அதே பெயரில் சிவாஜி நடித்த படத்தைத்தான் நம்மில் பலர் பார்த்திருப்போம். அதில் நல்லவன் பார்த்திபனைவிடக் கெட்டவன் விக்கிரமனைப் பார்க்கத்தான் ஜாலியாக இருக்கும் என்பது என் கட்சி. ஒரே நாளில் பிறந்த இரட்டையர். ஒருவன் நல்லவர்கள் கையில் வளர்கிறான், இன்னொருவனை மாமன் நம்பியார் குடியிலும் கூத்திலும் வளர்க்கிறார். முகம் ஒன்றே, வளர்த்த கை மட்டும் வேறு. இடம் மாறியிருந்தால் இவன் அவனாகியிருப்பானே என்ற நினைப்பு படம் முழுக்க நம்மை விடாது.

புதுக்கோட்டை தந்த இன்னொரு நடிகரின் கதை இதைவிட வேடிக்கை. 'காதல் மன்னன்' ஜெமினி கணேசன் 1920-ல் பிறந்தது புதுக்கோட்டையில். 1952-ல் வந்த 'தாயுள்ளம்' படத்தில் அவர் வில்லன்! கதாநாயகன் ஆர்.எஸ்.மனோகர். பிறகு இரண்டு பேரும் நாற்காலியை மாற்றிக்கொண்டார்கள். ஜெமினி காதல் நாயகன் ஆனார், மனோகர் எம்.ஜி.ஆர், சிவாஜி படங்களில் அடி வாங்கும் வில்லன் ஆனார்.

மனோகர் அதோடு நிற்கவில்லை. தன் நாடகக் குழுவை வைத்து 'இலங்கேஸ்வரன்' போட்டார். ராவணன் பக்கத்து நியாயத்தை மேடையேற்றிய நாடகம், ஊர் ஊராக நூற்றுக்கணக்கான முறை நடந்தது. தொடர்ந்து சூரபத்மன், சிசுபாலன், நரகாசுரன், இந்திரஜித். புராணத்தில் தோற்றுப்போன ஆட்களாகத் தேடித் தேடிப் பிடித்திருக்கிறார். பகலில் ஸ்டூடியோவில் வில்லனாகத் தோற்றுவிட்டு, ராத்திரி மேடையில் வில்லனுக்காக வாதாடிய மனிதர்.

சூரபத்மன் என்றதும் விராலிமலை ஞாபகம் வருகிறது. கொடும்பாளூருக்குப் பக்கத்து ஊர், முருகன் மலைக்கோயில், மயில்களுக்குப் பெயர் போனது. சூரனை முருகன் அழித்துவிடவில்லை, ஒரு பாதியை மயிலாக்கி ஏறிக்கொண்டார், மறு பாதியைச் சேவலாக்கிக் கொடியில் வைத்துக்கொண்டார் என்பது கந்தபுராணக் கதை. சூரசம்ஹாரம் அன்று கூட்டம் யாரைப் பார்க்க முண்டுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? யானைத் தலை, சிங்கத் தலை என்று மாற்றி மாற்றி ஆடி வரும் சூரனைத்தான். எதிரியையும் கூடவே வைத்துக்கொள்ளும் ஒரு பழக்கம் நமக்கு எப்போதோ வந்துவிட்டது.

ரத்னவேலுக்கு என்ன கணக்கு?

இதுவரை எல்லாம் சரி. ஆனால் வில்லனைப் பிடிப்பது எப்போதும் இப்படி அழகான விஷயம் இல்லை.

2023-ல் வந்த மாரி செல்வராஜின் 'மாமன்னன்' படத்தில் ஃபகத் ஃபாசில் நடித்த ரத்னவேல், ஆதிக்கச் சாதித் திமிரின் உருவம். பந்தயத்தில் தோற்ற தன் நாயை அடித்தே கொல்கிறவன். எம்.எல்.ஏ. ஆன பிறகும் மாமன்னன் தன் முன்னால் நாற்காலியில் உட்காரக் கூடாது என்று நினைக்கிறவன். படம் நெட்ஃபிளிக்ஸில் வந்த சில நாட்களில் ரீல்ஸ் முழுக்க ரத்னவேல்! சாதிப் பெருமைப் பாட்டுகளைப் பின்னால் ஓடவிட்டு, அவன் நடப்பதையும் பார்ப்பதையும் வெட்டி ஒட்டி 'கெத்து' காட்டினார்கள். எடுத்தவர் எதற்கு எதிராகப் படம் எடுத்தாரோ அதற்கே அந்தக் காட்சிகள் விளம்பரம் ஆயின.

ஃபகத்தின் நடிப்பு அவ்வளவு நன்றாக இருந்ததுதான் காரணம் என்று பலர் சொன்னார்கள். பாதி உண்மை. 'பாட்ஷா'வில் ரகுவரனின் மார்க் ஆண்டனியையும், 'விக்ரம்' கடைசியில் சூர்யாவின் ரோலெக்ஸையும் நாம் கொண்டாடியது ஸ்டைலுக்காகத்தான். அதில் யாருக்கும் நஷ்டமில்லை. தங்க பிஸ்கட் கடத்துகிறவனாகவோ போதைப்பொருள் சாம்ராஜ்யம் நடத்துகிறவனாகவோ தியேட்டரை விட்டு யாரும் வெளியே வருவதில்லை. ரத்னவேல் விஷயம் வேறு. அவன் நினைப்பது போல நினைக்கிற ஆட்கள் தியேட்டருக்கு வெளியே நிஜமாகவே இருக்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்திலேயே 2022 டிசம்பரில் வேங்கைவயலில், பட்டியலின மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிய வந்து நாடே அதிர்ந்தது. இப்படி ஒரு மண்ணில் ரத்னவேலின் நடையை ஸ்டேட்டஸில் வைப்பது வெறும் ரசனை விஷயம் என்று தள்ளிவிட முடியவில்லை.

'கணக்கு' என்று மேலே சொன்னதை ரத்னவேலிடம் வைத்துப் பார்க்கலாம். நந்தினிக்குப் போனது ஒரு உயிர், அவள் கண் முன்னால், அவள் கெஞ்சக் கெஞ்ச. ரத்னவேலுக்கு என்ன போயிற்று? அப்பா காலத்தில் தரையில் நின்றவன் இன்று எதிரே உட்காருகிறான். அவனுடைய இழப்பு அது ஒன்றுதான். அவனுக்கும் காயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. மாரி செல்வராஜ் அதைக் காட்டவும் செய்கிறார். ஆனால் அது வேறொருவர் நிமிர்ந்ததால் வந்த காயம். அதற்கு மாமன்னன் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

30 நொடி ரீலில் இந்த வித்தியாசம் தெரியாது. செத்த நாய்க்கு அதில் இடமில்லை, நாற்காலிக்கு முன்னால் நிற்கும் வடிவேலுவின் முகத்துக்கும் இடமில்லை. மீசை, கண், ஸ்லோமோஷன் நடை, பாட்டு. பத்துக் காட்சிகளில் கட்டிய ஒரு ஆளை இரண்டு ஷாட்டில் ஹீரோ ஆக்கிவிடலாம்.

கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலனும் நந்தினியும் கடைசியாகச் சந்திக்கும் அத்தியாயங்களை நேரம் கிடைத்தால் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அத்தனை வருஷம் கையில் வைத்துத் தடவிக்கொண்டிருந்த மீன் சின்னம் பொறித்த வாள் பக்கத்திலேயே இருக்கிறது, எதிரே நிராயுதபாணி போல அவன். நந்தினி தடுமாறுகிறாள், அழுகிறாள். இளவரசனைக் கடைசியில் கொன்றது யார் கை என்பதைக்கூடக் கல்கி அடித்துச் சொல்லவில்லை. ரத்னவேல் படத்தில் ஒரு இடத்திலும் அப்படித் தடுமாறுவதில்லை. ரீல்ஸ் போட்டவர்களுக்கு அவனிடம் பிடித்ததே அதுதான்.